‘ரோலி’ என்று எழுதிய நாட்கள்

பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டென்மார்க்கின் இக்காஸ்ட்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சின்ன அறையொன்றில் ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். காலையில் வந்தவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும், மாலையில் வந்தவர்கள் பொறுப்பெடுக்கவேண்டும். வெளியே மழை. கதவருகே தொங்கிய ஈரக் கோட்டுகளும் குடுவைக் கோப்பியும் சேர்ந்து ஒரு மணம்.

ஒருத்தி கணினியைப் பார்த்து வாசித்தாள். மூன்றாம் அறை, ரோலி. நான்காம் அறை, ரோலி, மத்தியானம் மீன் சாப்பிட்டார். ஐந்தாம் அறை, காலையில் கொஞ்சம் அழுதார், பிறகு ரோலி.

ஒன்பதாம் அறை வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது என் பொறுப்பில் இருந்த அறை.

“ரோலி” என்றேன்.

எங்கள் பிரிவுத் தலைவி எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். இரண்டு மாதமாக ஒருவராலும் அடக்கமுடியாத மனிதரை நான் இரண்டு வாரத்தில் ரோலி ஆக்கிவிட்டேனாம். இன்னொருத்தி கறுவாப் பட்டை தூவிய பணிஸ் ஒன்றை என் பக்கம் தள்ளினாள். நானும் பெருமையோடு தின்றேன்.

ரோலி என்றால் டேனிஷில் அமைதி. ஆள் அமைதியாக இருக்கிறார், கவலைப்பட ஒன்றுமில்லை என்று பொருள். அந்த ஒரு சொல்லை நான் ஒன்பதாம் அறைக்காரருக்கு எத்தனை தடவை எழுதினேன் என்று பிறகு ஒரு நாள் ஒரு டாக்டர் எனக்கு முன்னாலேயே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை செய்த தையல் ஆலை மூடியதையும் நான் நாற்பது வயதுக்கு மேல் பராமரிப்புப் படிப்புக்குப் போனதையும் வீரப் பிரதாபமாக எழுதினேன் அல்லவா? அந்தப் படிப்பு படித்தவள் செய்த காரியத்தையும் எழுதத்தானே வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல்

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மொழிப் பள்ளியில்தான் இந்தச் சொல் என் காதில் விழுந்தது. நான் டேனிஷைத் தமிழ் வேகத்தில் பேசுவேன். ஆசிரியை உள்ளங்கையைக் கீழே காட்டி, “ரோலி, ரோலி” என்பாள். மெதுவாகப் பேசச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன்.

பிறகு பார்த்தால் அது எங்கும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் நாய் என் சேலையில் இரண்டு காலையும் வைத்து ஏறும்போது, அவள் சிரித்துக்கொண்டே அது ரோலி என்றாள். பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு ரோலி என்றார். வீடு வாங்கப் போனபோது தரகர் தெருவைக் காட்டி மிகவும் ரோலியான இடம் என்றார். குடி போன பிறகுதான் விளங்கியது, அந்தத் தெருவில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு பேசமாட்டார்.

எங்களிடம் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது. கார் ஓட்டுகிறவருக்கு நிதானம். வீட்டுக்கு வந்தவரை ஆறுதலாக இருங்கோ என்போம். சாமியின் முகம் சாந்தம். சபையில் வாயைத் திறக்காமல் இருந்து கொண்டு உள்ளுக்குள் எல்லாம் செய்கிறவருக்கு அமசடக்கு. ஒரு மனிதன் ஏன் சத்தமில்லாமல் இருக்கிறான் என்பதைப் பார்த்துச் சொல்லைப் போடுவோம். டேனிஷ்காரருக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒன்று போதும். ஏன் என்று அது கேட்பதில்லை.

அதற்காக நாங்கள் பெரிய கெட்டிக்காரர் என்று நினைக்கவேண்டாம். என்னுடைய கல்யாணப் பேச்சில், பொம்பிளை நல்ல அமைதியான பிள்ளை என்றுதான் இவர் வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. என் கணவரைத்தான் இவர் என்கிறேன், இத்தனை வாரம் வாசித்தவர்களுக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்றாம் நாளே இவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. நான் அந்த வீட்டில் அமைதியாக இருந்தது பயத்தில். பயம் தெளிந்ததும் அமைதியும் போய்விட்டது. தரகர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று இன்றைக்கும் விருந்தினருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் மகன் இரண்டாம் வகுப்பில் படித்தபோது பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். ஆசிரியை, உங்கள் மகன் மிகவும் ரோலி என்றாள். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? வரும் வழியில் கேக் வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளை கேக்கைத் தின்னவில்லை. இடைவேளையில் தன்னோடு விளையாட ஒருவரும் இல்லாததால் அவன் சுவரோடு நின்றுகொண்டிருந்த கதை எனக்குத் தெரியவர இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அதோடு நான் படித்திருக்கவேண்டும். படிக்கவில்லை.

சூட்கேசைத் தூக்கியவர்

ஒன்பதாம் அறைக்கு வந்தவர் தில்லையண்ணை. எங்கள் இல்லத்துக்கு வந்த முதல் தமிழர்.

எனக்கு அவர் புது ஆள் இல்லை. இவரும் அவரும் ஒரே ஆலையில், ஒரே பணிநேரத்தில், பக்கத்துப் பக்கத்துப் பின்னல் இயந்திரத்தில் நின்றவர்கள். நான் புதுப் பெண்ணாக வந்து இறங்கியபோது அவர்களுடைய கூட்டத்தில் கார் வைத்திருந்தவர் அவர் மட்டும்தான். விமான நிலையத்துக்கு அந்தக் காரில்தான் இவர் வந்தார். கைபிடி அறுந்த என் சூட்கேசை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போய்ப் பின்னால் வைத்தவர் தில்லையண்ணை. காரில் சூடு வேலை செய்யவில்லை. தன் கையுறையைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, வெறுங்கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வழி முழுவதும் இவரைத் திட்டிக்கொண்டு வந்தார். பெண்ணைக் கூப்பிட வருகிறவன் ஒரு போர்வை கொண்டுவர வேண்டாமா என்று.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அந்தத் தொண்டை அப்படியே பழகிவிட்டது. கோயில் கூட்டத்தில் அவர் காதோடு ரகசியம் சொன்னால் வாசலில் செருப்புக் கழற்றுகிறவருக்கும் கேட்கும். கோபமும் சிரிப்பும் ஒரே சத்தத்தில்தான் வரும். பயந்து போகிறவர்கள் போவார்கள், பழகினவர்கள் விடமாட்டார்கள்.

மனைவி காலமான அடுத்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஒரே மகள் சிந்துஜா ஓல்போர்க்கில் பொறியியலாளர். அவளுக்கு வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம். தகப்பனை இல்லத்தில் விட்ட அன்று அவள் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுததை நான் யன்னலால் பார்த்தேன். இங்கே நம்மவர்கள் பெற்றோரை இல்லத்தில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

என் தலை வீங்கிய கதை

முதல் இரண்டு மாதம் தில்லையண்ணையின் பொறுப்பு பென்டயிடம் இருந்தது. பென்ட அறுபதைத் தொடும் டேனிஷ் பெண், கை பெரியது, பேச்சு குறைவு. தில்லையண்ணை அவளைப் படாத பாடு படுத்தினார். தேநீர் ஆறிவிட்டது, சீனி போதாது, உருளைக்கிழங்குக்கு உப்பு இல்லை, காலைத் தூக்கும்போது பார்த்துத் தூக்கு. ஆலையில் கற்ற டேனிஷில் பாதியைப் பக்கவாதம் கொண்டுபோய்விட்டது, மிச்சப் பாதி முழுவதும் ஏச்சு. அழைப்பு மணியை அமத்தினால் விரலை எடுக்கமாட்டார்.

பென்ட ஒவ்வொரு நாளும் ஊரோலி என்று எழுதினாள். ரோலிக்கு எதிர்ச்சொல் அது. அமைதியில்லை.

தலைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். அவருடைய மொழி பேசுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும், நீயே அவருடைய பொறுப்பை எடுக்கிறாயா என்று கேட்டாள். நல்ல மனத்தோடுதான் கேட்டாள். நானும் நல்ல மனத்தோடுதான் ஓம் என்றேன். கூடவே கொஞ்சம் தலையும் வீங்கியது, அதை மறைப்பானேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் என் தமிழுக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பயனும் இருக்கவில்லை. இப்போது ஒரு பிரிவே அதைக் கேட்டு நிற்கிறது.

சிந்துஜாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அன்ரி, இனி நான் நித்திரை கொள்ளுவன்” என்றாள்.

நான் பொறுப்பெடுத்த நாளிலிருந்து தில்லையண்ணை மாறிப்போனார். மணியை அமத்தவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலையில் ஒரு பாத்திரத்தில் சுடுநீரும் துவாயும் வைக்கச் சொல்லிவிட்டு, தானே ஒரு கையால் கழுவிக்கொள்வதாகச் சொல்லி என்னை வெளியே நிற்க வைத்தார். உள்ளே பாத்திரம் தட்டுப்படும் சத்தம் கேட்கும், உதவிக்கு வரவா என்று கேட்டால் வேண்டாம் என்பார். மலசலகூடத்துக்குப் போகவேண்டுமா அண்ணை என்று மணிக்கொரு தடவை கேட்பேன்.

“இல்லைத் தங்கச்சி. எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.”

தேநீர் வைத்தால் வயிறு சரியில்லை என்பார். தண்ணீரை உதட்டில் வைத்துவிட்டு எடுப்பார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார். நான் ஊர்க்கதை, கோயில் கதை எல்லாம் சொல்லுவேன். தலையை ஆட்டுவார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம்மட மனிதர் நம்மட மனிதரைக் கண்டதும் அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். பணிமாற்ற மேசையில் அதற்கு விளக்கம் வேறு கொடுத்தேன். எங்கள் ஆண்கள் அப்படித்தான், யாருக்கும் தொந்தரவு கொடுக்கமாட்டார்கள், எங்கள் வளர்ப்பு அப்படி என்றேன். எல்லாரும் மரியாதையோடு கேட்டார்கள். பென்ட மட்டும் நெற்றியைச் சுருக்கி, “அவர் எவ்வளவு குடிக்கிறார்?” என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் சிந்துஜா வியாழக்கிழமையே என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாள். அப்பா நல்ல அமைதி, நீ பிள்ளைகளைப் பார், பாதையில் பனி வழுக்கும், அவசரப்பட்டு ஓடி வராதே என்று நானே சொன்னேன்.

சோற்றில் வைத்த கை

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் இந்தப் பெருமையை எல்லாம் இவருக்கு எடுத்துவிட்டேன். தில்லையண்ணை எவ்வளவு நல்ல பிள்ளையாகிவிட்டார், இப்போது தேத்தண்ணி கூடக் கேட்பதில்லை என்றேன்.

இவர் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

“தில்லையண்ணை தேத்தண்ணி வேண்டாம் எண்டவரோ?”

வயிறு சரியில்லையாம் என்றேன்.

“அந்த மனுசன் காய்ச்சல் நூற்றிரண்டில நிண்ட நாளும் மெசினடியில தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டவர். அவர் வேண்டாம் எண்டால் ஏதோ பிழை. போய்ப் பார்.”

நீங்கள் வந்து பார்த்துப் பேசுங்கோ, நான் படித்துத்தான் இந்த வேலை செய்கிறேன் என்று நான் ஒரு வெட்டு வெட்டினேன். இவர் திரும்பவும் சோற்றைப் பிசைந்தார். ஆனால் அன்றைக்கு அதற்குப் பிறகு சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை ஏழு மணிக்கு நான் ஒன்பதாம் அறைக் கதவைத் திறந்தபோது தில்லையண்ணை என்னைத் தெரியாதவர் போலப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. இவரை ஆலையில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி, நூல் அறுந்துபோச்சு, மெசினை நிப்பாட்டு என்றார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையின் பின்புறத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், தண்ணீர் உள்ள உடம்பில் தோல் உடனே படியும், எங்களுக்கு முதல் வருடமே சொல்லித்தரும் பாடம். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

டேனிஷில் சொன்னது

பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஆஸ்பத்திரி. உடம்பில் தண்ணீர் வற்றிப்போய்விட்டது, சிறுநீர்ப் பாதையில் கிருமி ஏறி இரத்தம் வரை போயிருக்கிறது என்றார்கள். இந்த வயதில், பக்கவாதமும் உள்ளவருக்கு, இரண்டு நாள் போனால்தான் ஏதும் சொல்லமுடியும்.

நான் லீவு போட்டுவிட்டு வாசலில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். இவர் வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருந்தார். நான் சொன்னேனே என்று இவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிந்துஜா ஓல்போர்க்கிலிருந்து எப்படி ஓடி வந்தாளோ தெரியாது, கோட்டைக் கூடத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். டாக்டர் இளம் பெண். கணினியில் எங்கள் குறிப்புகளைத் திறந்து வைத்திருந்தாள். ரோலி, ரோலி, ரோலி என்று திரையில் விரலை வைத்துக் கீழே இறங்கினாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் பெயர் இருந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கித் தில்லையண்ணைக்கு நினைவு தெளிந்தது. நானும் சிந்துஜாவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். ஏன் இவ்வளவு நாளாகக் குடிக்கவில்லை என்று டாக்டர் கேட்டாள். சிந்துஜா அதைத் தன் தமிழில் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு டாக்டரிடம் டேனிஷில் சொன்னார். அந்த அரைகுறை ஆலை டேனிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். குடித்தால் போகவேண்டும். போனால் இந்தப் பெண்தான் என் உடுப்பைக் கழற்றவேண்டும். மற்றவர்கள் கழற்றினால் பரவாயில்லை, அவர்கள் வரும் இரவில்தான் கொஞ்சம் குடித்தேன். இவள் என் தங்கச்சி மாதிரி. இவளை நான்தான் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தேன்.

எனக்கும் டேனிஷ் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இதைத் தமிழில் என் முகத்துக்கு நேரே சொல்லுவதற்கு அவருக்கு வாய் வராது. எனக்கும் அதைத் தமிழில் கேட்கிற பலம் இருந்திருக்காது.

எனக்கு அழுகை வந்தது. யார் கையை வைத்தாலும் அவருக்குச் சம்மதமாக இருந்தது, என் கையைத் தவிர. பென்டயோடு கத்திக்கொண்டு, குடித்துக்கொண்டு, மணியடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். அவருக்கு ஆறுதலாக என்னை அனுப்பினார்கள். நான் போய் அவருடைய வாயை மூடிவிட்டேன். சாகும் வரை தாகத்தோடு இருக்கவும் அந்த மனிதர் தயாராக இருந்திருக்கிறார், என்னை ஒரு சொல் நோகச் சொல்ல மனம் வரவில்லை.

இது படிப்பில் இருக்கவில்லை என்று நான் தப்பிக்கமுடியாது. படிப்பில் இல்லாததைத் தெரிந்துகொள்ளத்தானே ஒரு தமிழச்சியை அனுப்பினார்கள். என் கணவருடைய சிநேகிதர் முன்னால், சேலைத் தலைப்பைச் சரிசெய்யாமல் நான் ஒரு நாளும் நின்றதில்லை. நீலச் சீருடையைப் போட்டதும் அதெல்லாம் கழன்றுவிடும் என்று நினைத்திருக்கிறேன். எனக்குக் கழன்றது. அவருக்குக் கழலவில்லை.

வெளியே வந்ததும் சிந்துஜா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் கோபமாகப் பேசவில்லை, களைத்துப்போய்ப் பேசினாள்.

“அப்பா அமைதியா இருக்கிறார் எண்டு நீங்கள் சொன்னபடியால்தான் அன்ரி, நான் ரெண்டு கிழமை வராமல் விட்டனான்.”

பிழை என்னுடையது என்றேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

நாலு வரி

அடுத்த திங்கட்கிழமை தலைவியிடம் போய் என்னை ஒன்பதாம் அறையிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. உன்னோடுதானே அவர் அமைதியாக இருக்கிறார் என்றாள். அதுதான் பிரச்சினை என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பேனாவை மேசையில் வைத்தாள். தமிழர் என்றால் தமிழரை அனுப்புவதுதான் மரியாதை என்று தான் நினைத்ததாகச் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். இரண்டு முட்டாள்களும் சேர்ந்து ஒரு கோப்பி குடித்தோம்.

அன்று கணினியில் ஒன்பதாம் அறைக்குக் கடைசியாக நாலு வரி எழுதினேன். அவருக்கு அறிமுகமான தமிழ்ப் பெண்கள் உடல் பராமரிப்புக்குப் போகக்கூடாது. அவர் சத்தம் போட்டால் சுகமாக இருக்கிறார். தேநீர் வேண்டாம் என்றால் உடனே தாதியைக் கூப்பிடவேண்டும். நான் முன்பு ரோலி என்று எழுதியவற்றை நம்பவேண்டாம். அதன் கீழே என் பெயரைப் போட்டேன்.

தில்லையண்ணை திரும்பி வந்தார், எடை குறைந்து, பென்டயிடம். முதல் வாரம் சத்தமே இல்லை, எனக்குப் பயம் பிடித்தது. இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் பென்ட அறையை விட்டு வெளியே வந்து, தன் முழங்கை வரை நனைந்திருந்த சட்டையைக் காட்டினாள். சீனி போதாதென்று கோப்பையைத் தட்டிவிட்டாராம். மேசைக்கு வந்து உட்கார்ந்து, ஊரோலி என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பொறாமைக்காரி என்று நான் நினைத்த மனுசி.

நான் அவரைப் பார்க்கப் போவதற்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது. என்ன முகத்தோடு போவது? கடைசியில் என் ஓய்வு நாள் ஒன்றில், சீருடை இல்லாமல், வீட்டுச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு விருந்தாளி வாசலால் போனேன். இவர் சுட்ட சூட்டோடு கட்டித் தந்த உழுந்து வடையும் கொண்டுபோனேன்.

தில்லையண்ணை என் உடுப்பைத்தான் முதலில் பார்த்தார்.

“இண்டைக்கு வேலையோ, தங்கச்சி?”

“இல்லை அண்ணை. சும்மா உங்களைப் பாக்க வந்தனான்.”

“அப்ப இரும்.”

அந்த ஒரு சொல்லில் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. நடந்ததைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசினால் இரண்டு பேருக்கும் மானக்கேடு. அதற்குப் பதிலாக வடையில் உப்புக் கூடிவிட்டது என்றார். இவர் சுட்டது என்றேன். அவனுக்கு நூலும் கட்டத் தெரியாது, வடையும் சுடத் தெரியாது என்று அறை அதிரச் சொன்னார். சிந்துஜா இப்போது சனிக்கிழமையே வந்துவிடுகிறாள், சின்னவன் சக்கர நாற்காலியைக் கொண்டு நடைவழியில் ஓட்டப் பந்தயம் வைக்கிறான் என்று முறைப்பாடு சொல்லுவது போலப் பெருமை பேசினார். பேசிக்கொண்டே இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார். மூன்றாவதை நான்தான் ஊற்றினேன். மறுக்காமல் அதையும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சுக் குறைந்தது. கதிரையில் ஒரு பக்கம் அசைந்தார், மறுபக்கம் அசைந்தார். கதவைப் பார்த்தார்.

“நேரம் போகுது தங்கச்சி. வீட்டில உம்மட மனுசன் பாத்துக்கொண்டிருப்பான்.”

இந்தத் தடவை எனக்கு விளங்கியது. ஓம் அண்ணை என்று உடனே எழுந்தேன். கோட்டை மாட்ட நின்றால் நேரமாகும் என்று கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நான் நாலு அடி வைத்திருக்க மாட்டேன், உள்ளேயிருந்து பென்ட, பென்ட என்று ஒரு கூச்சல். நடைவழியில் ஒருவரையும் காணவில்லை. இத்தனை வருடப் பழக்கம், கால் திரும்பிவிட்டது, கை போய்க் கதவின் பிடியில் இருந்தது. உள்ளே அவர் இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அவசரம் என்று தெரிந்தது. நான் கையை எடுத்தேன்.

பென்ட ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவர் டேனிஷில் கேட்பதும், எனக்கும் இரண்டு கால்தான் இருக்கிறது என்று அவள் திருப்பிக் கொடுப்பதும் கதவுக்கு வெளியே நன்றாகக் கேட்டது. மிச்சத்தைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே நிற்கவில்லை.